‘ஒரு சம்பவம் சொல்லுங்க!’

டெக்னிக்கல் ரவுண்டில் ஜாவாவையும் எஸ்.க்யூ.எல்.லையும் பிட்டுப் பிட்டு வைத்த பையன், ஹெச்.ஆர். ரவுண்டில் போய்த் திணறி நிற்பதைப் பிளேஸ்மென்ட் சீஸன்தோறும் பார்க்கலாம். கேள்வி என்னவோ எளிமையானதுதான். “டீம்ல யாரோடயாவது ஒத்துப்போகாம போன சம்பவம் ஒண்ணு சொல்லுங்க.” பையன் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறான்: “எனக்கு யாரோடயும் பிரச்சினை வந்ததே இல்ல சார். எல்லார்கிட்டயும் அட்ஜஸ்ட் பண்ணிப் போயிடுவேன்.”

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னால் எடுபடும் பதில். ஆனால் எதிரே இருப்பவர் கையில் ஒரு தாள் இருக்கிறது. ‘குழுவில் வேலை செய்யும் விதம்’ என்று அதில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எழுத அவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அவர் கேட்டது ஒரு சம்பவம். வந்து சேர்ந்தது நன்னடத்தைச் சான்றிதழ்.

இது பயத்தால் வரும் கோளாறு மட்டுமல்ல. எது சரியோ அதைச் சொல்வதற்குத்தான் பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடம் நம்மைப் பழக்கியிருக்கிறது. ‘ஒற்றுமையின் அவசியம்’ பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறோம். ஒற்றுமை குலைந்த ஒரு நாளில் நாம் என்ன செய்தோம் என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. அதனால்தான் ‘நீங்க என்ன செஞ்சீங்க?’ என்ற கேள்விக்கும் ‘என்ன செய்ய வேண்டும்’ என்பதையே பதிலாகத் தருகிறோம். பயிற்சி வகுப்புகளும் பெரும்பாலும் இதே பழக்கத்தைத்தான் கொஞ்சம் ஆங்கிலம் பூசி வளர்க்கின்றன.

இந்த வகைக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எப்படிப் பதில் சொல்வது என்பதும் பாதி விளங்கிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப் படைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருந்தவர் ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர். ‘நல்ல விமானிக்கு என்ன தகுதி வேண்டும்?’ என்று கேட்டால் தைரியம், நிதானம் என்று எல்லோரும் பொதுவாகத்தான் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு, பறக்கும்போது உண்மையில் நடந்த குறிப்பிட்ட சம்பவங்களைத் திரட்டினார்கள்: அந்த ஆள் அந்த நேரத்தில் என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்று. இந்த முறையை ஃபிளானகன் 1954-இல் விரிவான ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். வில்லியம் பைஹம், டக்ளஸ் பிரே இருவரும் 1970-இல் அமெரிக்காவில் தொடங்கிய டி.டி.ஐ. என்ற நிறுவனம் இதே போக்கை வேலைக்கான நேர்காணலுக்குக் கொண்டுவந்தது. இன்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் ஒப்பிக்கப்படும் ‘ஸ்டார்’ (சூழல், பொறுப்பு, செயல், விளைவு) அங்கிருந்து பரவியதுதான். டாம் ஜான்ஸ் என்பவர் 1982-இல், கடந்தகால நடத்தையைக் கேட்கும் நேர்காணலையும் வழக்கமான அரட்டை நேர்காணலையும் ஒப்பிட்டு, முன்னதே ஆளைச் சரியாகக் கணிக்கிறது என்று காட்டினார்.

எவ்வளவு சரியாக? ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் பிற்பாடு வேலையில் காட்டும் திறமைக்கும் சம்பந்தமே இல்லையென்றால் 0. அச்சுப் பிசகாமல் பொருந்தினால் 1. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.51, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.38 என்று ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998-இல் கணக்கிட்டார்கள். பால் சாக்கெட்டும் சகாக்களும் 2022-இல் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். முதலாவது 0.42 ஆனது, இரண்டாவது 0.19-க்கு இறங்கியது. அதாவது, ‘ஆளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுடும்’ என்று மார்தட்டும் மேனேஜரின் கண்ணுக்கு இருக்கும் சக்தி அவ்வளவுதான். ஒழுங்காகக் கேட்டாலும் 0.42-தான் என்பதையும் மனதில் வையுங்கள். ரிஜெக்ட் ஆனவர்களுக்கு அது ஓர் ஆறுதல்.

கூகுளும் ஒரு காலத்தில் ‘ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும்?’ வகையறாப் புதிர்களுக்குப் பேர்போனதுதான். அங்கே மனிதவளப் பிரிவின் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், அந்தப் புதிர்களால் காலம் வீணானதுதான் மிச்சம் என்று 2013-இல் வெளிப்படையாகவே சொன்னார்.

சரி, பதிலுக்கு வருவோம். கல்லூரி முடிக்கும் பிள்ளைகள் முதலில் சொல்வது, “என்கிட்ட சொல்ற மாதிரி சம்பவமே இல்லையே” என்பதுதான். சம்பவம் என்றால் தேசிய அளவில் பரிசு வாங்கியிருக்க வேண்டும், ஸ்டார்ட்-அப் தொடங்கியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருபது வயதில் ஆயிரம் பேருக்குத் தலைமை தாங்கியிருப்பார்கள் என்று எந்தப் பேனலும் எதிர்பார்ப்பதில்லை. அப்பாவின் மளிகைக் கடையில் பற்று நோட்டு பார்த்தது, தெருவில் தண்ணீர் லாரி வரிசையை ஒழுங்கு செய்தது, அக்கா கல்யாணத்தில் பந்தி கவனித்தது எல்லாமே சம்பவம்தான்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். விடுதியில் மெஸ் செகரெட்டரி. ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு வாராவாரம் மிஞ்சுகிறது; ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திங்கட்கிழமை காலையில்தான் திரும்புகிறார்கள். ‘நீங்களாகவே ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்துத் தீர்த்த சம்பவம் சொல்லுங்க’ என்று பேனல் கேட்கிறது. அவள் மனப்பாடம் செய்து வந்த பதில்: “ஐ ஆம் எ குட் பிராப்ளம் சால்வர். மெஸ்ஸில் உணவு வீணாவதைத் தடுக்க விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்.” இதில் ஒரு காட்சியும் இல்லை. இரண்டாவது வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

நடந்ததை நடந்தபடி அவள் சொன்னால் எப்படி இருக்கும்? “முந்நூறு பேருக்குச் சமைப்பாங்க சார், எண்பது பேர் வர மாட்டாங்க. முதல்ல வெள்ளிக்கிழமை ஒரு பேப்பர் ஒட்டி, ஞாயிறு நைட் சாப்பிட வர்றவங்க பேர் எழுதச் சொன்னேன். யாருமே எழுதல. ரெண்டு வாரம் அப்படியே போச்சு. அப்புறம்தான் தோணுச்சு, ஊருக்குப் போற எல்லாரும் வார்டன்கிட்ட அவுட்பாஸ் வாங்கித்தானே ஆகணும், எப்பத் திரும்புவோம்னு அதுல தேதி இருக்குமேன்னு. வார்டன் மேடம் நோட்டைத் தர முதல்ல சம்மதிக்கல. பேர் வேண்டாம் மேடம், எண்ணிக்கை மட்டும் போதும்னு கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அந்த எண்ணிக்கையை மாஸ்டர்கிட்ட கொடுத்துடுவேன். அந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள மிஞ்சறது இருபது தட்டு அளவுக்குக் குறைஞ்சிடுச்சு.”

இதைக் கேட்கும் பேனல்காரருக்கு எழுத எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். பிரச்சினையை எண்ணிக்கையாகப் பார்த்திருக்கிறாள். முதல் முயற்சி தோற்றதை மறைக்கவில்லை. புதிதாக எதையும் திணிக்காமல் ஏற்கெனவே இருக்கும் நோட்டைப் பயன்படுத்தினாள். மறுத்த வார்டனிடம் சண்டை போடாமல் கேட்பதைக் குறைத்துக்கொண்டு காரியம் சாதித்தாள். இந்தக் குணங்களில் ஒன்றின் பெயரைக்கூட அவள் உச்சரிக்கவில்லை.

‘ஸ்டார்’ சூத்திரம் கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் எழுத்திலேயே. கல்லூரி எங்கே இருக்கிறது, விடுதியில் எத்தனை மாடி, மெஸ் கமிட்டி எப்படி அமைந்தது என்று சூழலுக்கே ஒன்றரை நிமிடம் போய்விடும். ‘நீங்க என்ன செஞ்சீங்க’ என்ற இடம் வரும்போது பேனல் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கும். சூழலும் பொறுப்பும் சேர்ந்து மூன்று, நான்கு வாக்கியம் போதும். மொத்தமே இரண்டு நிமிடம். மிச்சத்தை அவர்களே துருவுவார்கள்: “அவுட்பாஸ் ஐடியா உங்களோடதா?” “மாஸ்டர் என்ன சொன்னார்?” “இப்ப மறுபடி செய்யணும்னா எதை மாத்துவீங்க?” நடந்த கதையாக இருந்தால் இந்தக் கேள்விகள் இனிக்கும். இரவல் கதையாக இருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே வியர்க்கும்.

‘உங்கள் தோல்வி ஒன்றைச் சொல்லுங்கள்’ என்பதுதான் அதிகம் பேர் சறுக்கும் இடம். “நான் ஒரு பர்ஃபெக்‌ஷனிஸ்ட், அதனால் வேலை முடிக்க நேரமாகிவிடும்” என்ற பதிலைத் தயவுசெய்து அடக்கம் செய்துவிடுங்கள். பலவீனத்துக்கு வேஷம் கட்டிய தற்பெருமை அது என்று பேனலுக்கு எப்போதோ தெரிந்துபோயிற்று. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களில் பலருக்குக் கையிலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது: அரியர். மார்க் ஷீட்டில் இருப்பதை மறைக்கவும் முடியாது. அதைக் கேட்டாலே “வேல்யுவேஷன் சரியில்ல சார்” என்று தொடங்குகிறார்கள். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்தப் பதிலில் நீங்கள் எங்குமே இல்லை. பழைய கேள்வித்தாளிலிருந்து டூ மார்க் கேள்விகளை மட்டும் உருப்போட்டுப் போனது, கணக்கு மாறி வந்ததும் விழித்தது, அடுத்த முறை சீனியர் ஒருவரோடு உட்கார்ந்து யூனிட் வாரியாகப் போட்டுப் பார்த்தது, அந்தப் பழக்கம் அடுத்த செமஸ்டர் பாடங்களிலும் தொடர்ந்தது என்று சொல்லுங்கள். தோல்வியைப் பற்றி ஒரு பங்கு, அதற்குப்பின் என்ன மாறியது என்பதைப் பற்றி இரண்டு பங்கு. ஒரே எச்சரிக்கை: அந்த வேலைக்கு உயிர்நாடியான குணத்தில் நேர்ந்த தோல்வியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கணக்குப் பிரிவு வேலைக்குப் போய், கல்லூரி விழாவில் வசூல் கணக்கு உதைத்த கதையைச் சொல்ல வேண்டாம்.

மோதல் கேள்விக்கு வருவோம். ஃபைனல் இயர் புராஜெக்டில் நான்கு பேர், ஒருவன் வேலையே செய்யவில்லை. இந்தக் கதை எல்லோரிடமும் இருக்கிறது. “கடைசியில அவன் வேலையையும் நானே முடிச்சேன் சார்” என்பதைத் தியாகமாக நினைத்துச் சொல்கிறார்கள். பேனலின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: இந்த ஆள் பிரச்சினையைப் பேசமாட்டார், உள்ளே வைத்துக்கொண்டு சுமப்பார், ஒரு நாள் பேப்பர் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதே கதையில், அவனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன், ராத்திரியெல்லாம் டெலிவரி வேலைக்குப் போகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது, கோடிங்கை நாங்கள் மூவரும் பிரித்துக்கொண்டு ரிப்போர்ட் எழுதும் வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யும்படி அவனுக்குக் கொடுத்தோம் என்று இருந்தால் அது வேறு கதை. மோதலில் எதிராளிக்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதைச் சொல்லத் தெரிந்தவரோடு வேலை செய்யத்தான் யாருக்கும் பிடிக்கும்.

இந்தக் கதையில் ‘நாங்கள்’ வருவதில் தப்பில்லை. முழுக்கதையிலும் ‘நாங்கள்’ மட்டுமே வந்தால்தான் சிக்கல். ‘நான் செய்தேன்’ என்று சொல்வதைத் தற்பெருமையாகப் பார்க்கும் வளர்ப்பு நம்முடையது. மூன்று வருட அனுபவசாலிகள்கூட “வீ டிட் தி மைக்ரேஷன்” என்றே முழுக்கதையையும் முடிக்கிறார்கள். மற்றவர்களின் பங்கை முதலில் பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்: டிசைன் லீடுடையது, டெஸ்டிங் இன்னொருவருடையது, டேட்டாபேஸ் பகுதி என்னுடையது. அப்புறம் அந்தப் பகுதியில் ‘நான்’ என்று சொல்லக் கூச்சம் வராது.

மேலதிகாரியோடு முரண்பட்ட சம்பவம் கேட்கப்படும்போதும் இதே வளர்ப்பு குறுக்கே நிற்கிறது. பெரியவர்களை எதிர்த்துப் பேசினேன் என்று முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் இந்தக் கேள்வியை விடாமல் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அமேசான் தன் பதினாறு ‘தலைமைப் பண்பு’களில் ஒன்றாகவே இதை வைத்திருக்கிறது: தவறென்று பட்டால் முதுகெலும்போடு மறுத்துச் சொல், முடிவெடுத்த பிறகு முழுமனதோடு செய். அங்கே நேர்காணல் செய்பவர்கள் இந்தப் பண்புகளை ஆளுக்குச் சிலவாகப் பிரித்துக்கொண்டு கேட்கிறார்கள். ஆள் தேவைப்படும் டீமைச் சேராத ஒருவரும் ‘பார் ரைசர்’ என்ற பெயரில் உட்காருவார். அவர் வேண்டாமென்றால் வேண்டாம்தான். ஆக, அமேசானின் பெருங்குடி அலுவலகத்துக்குப் போகிறவர் ஒரே சம்பவத்தை ஐந்து பேரிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. பிறகு எல்லோரும் சேர்ந்து குறிப்புகளை ஒப்பிடுவார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் குவாலிட்டி பிரிவில் இருக்கும் டிப்ளமோக்காரரிடம் இதற்கு நல்ல சரக்கு இருக்கும். சூப்பர்வைசர் லோடை அனுப்பச் சொல்கிறார். கேஜ் ரீடிங் ஓரத்தில் நிற்கிறது. லைனில் எல்லோர் முன்னாலும் வாதாடாமல் தனியே போய் ரீடிங்கைக் காட்டி, “அரை மணி நேரம் கொடுங்க சார், இன்னும் பத்து பீஸ் செக் பண்ணிடறேன்” என்று கேட்டது ஒரு முழுமையான பதில். சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளாமல் லோடு போயிருந்தாலும் பாதகமில்லை. அதற்கப்புறம் என்ன செய்தீர்கள், ரீடிங்கை ரிஜிஸ்டரில் எழுதி வைத்தீர்களா என்பதுதான் அடுத்த கேள்வி. ஜெயித்த கதையை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

ஆங்கிலம்? வாய்ஸ் பிராசஸ் போன்ற வேலைகளில் ஆங்கிலமே வேலை. அங்கே விட்டுக்கொடுப்பு இருக்காது. மற்ற இடங்களில் சின்னச் சின்ன இறந்தகால வாக்கியங்கள் போதும். நான் பரிந்துரைக்கும் வழி ஒன்று உண்டு: சம்பவத்தை முதலில் தமிழில் நண்பனிடம் சொல்லிப் பாருங்கள். அவன் எந்த இடத்தில் ‘அப்புறம்?’ என்று கேட்கிறானோ அந்த இடம் முக்கியம். எங்கே போனை எடுக்கிறானோ அதை வெட்டுங்கள். பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம். ஆங்கிலப் பத்தியை எழுதி உருப்போட்டவர்கள் நடுவில் ஒரு கேள்வி விழுந்தால் மீண்டும் முதல் வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். 2022 மார்ச் 1-இல் தொடங்கிய அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்திலும், கல்லூரி பிளேஸ்மென்ட் செல்லிலும் மாக் இன்டர்வியூ கிடைத்தால் அதை இப்படித் துருவும் கேள்விகளுக்குப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. சிரிப்பது, கைகுலுக்குவது எல்லாம் தானாக வந்துவிடும்.

பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்களா என்பது எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி. லெவாஷினா, கேம்பியன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட முடிவு கொஞ்சம் தர்மசங்கடமானது. வேலை தேடும் மாணவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் நேர்காணலில் ஏதோ ஒரு வகையில் பூசி மெழுகுகிறார்கள். பொய்க்கு நெருங்கிய ரகம் மட்டும் என்றால் 28 முதல் 75 சதவீதம் வரை. ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பதைவிட ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் பூச்சு குறைகிறது. ஆனால் மேலும் மேலும் துருவினால் பூச்சு கூடுகிறதாம். மெழுகுகிறவர்களுக்கு வேலை கிடைக்கவே கிடைக்காது என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை. கொஞ்சம் அனுகூலமே இருந்தது. ஆகவே ‘உண்மை சொன்னால் நிச்சயம் வேலை’ என்று நான் உத்தரவாதம் தரப்போவதில்லை. இரவல் சம்பவத்தைச் சுமந்து திரிவது வேலை அதிகம் என்பது மட்டும் நிச்சயம்.

பொய்யைப் பிடிப்பதில் ராணுவத்தின் வழி வேறு. அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி.யில் ஐந்து நாள் தங்க வேண்டும். அறுபது சூழ்நிலைகள் எழுதிய தாளைக் கொடுத்து முப்பது நிமிடத்தில் பதில் எழுதச் சொல்வார்கள். யோசித்து நல்லவனாவதற்கு அவகாசமே கிடையாது. உளவியலாளர் தாளில் கண்டது, நேர்காணலில் வாயால் சொன்னது, மைதானத்தில் கட்டையும் கயிறுமாகச் செய்து காட்டியது என மூன்றையும் கடைசி நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மனம், வாக்கு, காயம் என்று நம் பெரியவர்கள் சொன்ன அதே மூன்று. தனியார் கம்பெனிக்கு அந்த ஐந்து நாள் கிடையாது. நாற்பது நிமிடத்தில் ‘வாக்கு’ ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியில்தான் அவர்கள் சம்பவம் கேட்கிறார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கத்தையும் சும்மா விடுவதற்கில்லை. மத்திய அரசு கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலையே எடுத்துவிட்டது. சிபாரிசும் லஞ்சமும் நுழையும் வாசல் அது என்பதே காரணம். தனியார் துறையில் வாசல் திறந்தே இருக்கிறது. ஒழுங்கான கேள்விப் பட்டியல் கையில் இருந்தும் “அப்பா என்ன பண்றார்?”, “எந்த ஊர்ப் பக்கம்?” என்று ஆழம் பார்க்கிறவர்கள் உண்டு. பெண்களிடம் “கல்யாணம் எப்போ?” என்பது இன்னமும் நிற்கவில்லை. இந்தக் கேள்விக்கு எரிந்து விழவும் வேண்டாம், குடும்பக் கதை சொல்லவும் வேண்டாம். “ஷிஃப்ட், டிராவல் பத்திக் கேக்கறீங்கன்னா, எனக்கு அதுல சிரமம் இல்ல மேம்” என்று வேலைக்குள் இழுத்து வந்துவிடலாம். அதற்கும் மேலே குடைந்தால், அந்த ஆபீஸைப் பற்றி உங்களுக்கு ஒரு விவரம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

தயாரிப்புக்கு ஒரு வாரம் போதும். ஆறேழு சம்பவங்களை, தலைப்பும் நான்கைந்து குறிப்புமாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முழு வாக்கியமாக எழுத வேண்டாம். ஒரே சம்பவம் இரண்டு மூன்று கேள்விக்குப் பொருந்தும். மெஸ் கதையை முன்முயற்சிக்கும் சொல்லலாம், தோற்ற முதல் முயற்சிக்காகவும் சொல்லலாம், வார்டனைச் சம்மதிக்க வைத்ததற்கும் சொல்லலாம். கேட்டது எதுவும் நோட்டில் இல்லையென்றால் “ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்லட்டுமா சார்?” என்று கேட்பது குற்றமில்லை. அந்த மௌனத்தைப் பேனல் தாங்கிக்கொள்ளும். அதை நிரப்ப நீங்கள் அள்ளிவிடும் பொதுமொழிகளைத்தான் தாங்கிக்கொள்ளாது.

கடைசியாக அவர்கள், “எங்ககிட்ட கேக்கறதுக்கு ஏதாவது இருக்கா?” என்பார்கள். “நோ சார், தேங்க்யூ” என்று எழுந்துவிடாதீர்கள். சம்பளம், பாண்டு பற்றிய கேள்விகள் ஹெச்.ஆருக்கு. எதிரே இருப்பவர் நீங்கள் வேலை செய்யப்போகும் டீமின் மேனேஜர் என்றால், “சமீபத்துல டெலிவரி ஒண்ணு தள்ளிப்போனப்ப டீம்ல என்ன நடந்துச்சு சார்?” என்று மரியாதையாகவே கேட்கலாம். எந்த மாதம், எதனால் தள்ளிப்போனது, யார் சனிக்கிழமை வந்தார்கள், கிளையன்டிடம் யார் பேசினார்கள் என்று அவர் விவரமாகச் சொன்னால் அந்த டீமை நம்பிச் சேரலாம். “நாங்கல்லாம் ஒரு ஃபேமிலி மாதிரி, இங்க அந்த மாதிரிப் பிரச்சினையே வந்ததில்ல” என்று சிரித்தால், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பு நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.